மலைப்பூண்டுக்கு யாராவது காப்புரிமை வாங்கிவிட முடியுமா?

27 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு 61. அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவு: கொடைக்கானல் மேல்மலையில் உங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கரில் பூண்டு. போன மாதம் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஐந்து கிலோ பூண்டும் ஒரு பையில் மண்ணும் எடுத்துக்கொண்டு, உங்கள் அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிப் போனார்கள். இப்போது ஊரில் ஒரே பேச்சு, "அவங்க பேட்டன்ட் போட்டுட்டா நம்ம பூண்டை நாமளே நட முடியாது" என்று. இது உண்மையா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: சட்டம் அனுமதித்தாலும், உயிருள்ள ஒன்றை ஒருத்தர் தன்னுடையது என்று எழுதி வாங்கிக்கொள்வது நியாயமா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: நடலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் பயப்படுகிற இடம் தப்பு. பூண்டைப் பற்றிப் பயப்படுகிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த மண் பையைப் பற்றித்தான் யோசிப்பேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயிர் நோயியல் படித்தேன். நீலகிரியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்பது வருடம் மண்ணில் இருக்கிற நுண்ணுயிரிகளோடு மல்லுக்கட்டினேன். அப்புறம் காப்புரிமை முகவர் தேர்வு எழுதி, கிண்டியில் இருக்கிற காப்புரிமை அலுவலகத்துக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே இருபது வருடம் ஓடினேன். இப்போது கோத்தகிரிப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். வக்கீல் இல்லை, கோர்ட்டில் நின்று வாதாடியதில்லை. உங்கள் அப்பா கையெழுத்துப் போட்ட தாளைப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாதிரி விண்ணப்பம் எழுதுகிறவன் மூளை எப்படி வேலை செய்யும் என்று நன்றாகத் தெரியும். அந்த ஆளாகத்தான் இருபது வருடம் சம்பளம் வாங்கினேன்.

பூண்டை முடித்துவிடுவோம். இந்தியாவில் செடிக்கோ விலங்குக்கோ, அதன் பாகத்துக்கோ, விதைக்கோ, ரகத்துக்கோ காப்புரிமை கிடையாது. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவில், 2002 திருத்தத்தின்போது இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். இயற்கையில் கிடக்கிற உயிரைப் பார்த்துவிட்டு "நான் கண்டுபிடித்தேன்" என்றாலும் கிடையாது. பரம்பரையாக ஊருக்கே தெரிந்த அறிவை எடுத்து அழகான மொழியில் எழுதிக் கொடுத்தாலும் கிடையாது. ஆக நீங்கள் பூண்டை நடலாம், விதைக்குப் பல் எடுத்து வைக்கலாம், மாமன் தோட்டத்துக்குக் கொடுக்கலாம், மேட்டுப்பாளையம் மண்டிக்கு விதைப் பூண்டாகவே ஏற்றலாம். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டையும் சிலர் காப்புரிமை என்றே நினைக்கிறார்கள். அது பெயருக்கு மட்டும் காவல். அதே பல்லை இமயமலையில் ஒருத்தர் நட்டால் தடுக்காது, அதைக் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று பெயர் போட்டு விற்றால்தான் தடுக்கும்.

செடி ரகங்களுக்கு வேறொரு சட்டம் இருக்கிறது. தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001. புது ரகம் உருவாக்கியவர் அதில் பதிவு செய்துகொள்ளலாம், ஆண்டுப் பயிர் என்றால் 15 வருடம், மரம் கொடி என்றால் 18 வருடம். ஆனால் அதன் 39-வது பிரிவு விவசாயிக்கென்றே எழுதப்பட்டது. பதிவான ரகமாகவே இருந்தாலும் விதை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க உங்களுக்கு உரிமை உண்டு, பிராண்டு போட்ட பாக்கெட்டில் மட்டும் விற்கக் கூடாது. இவ்வளவு தெளிவாக எழுதின நாடுகள் உலகத்தில் அதிகம் இல்லை.

தாளில் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, தரையில் எப்படி என்று கேட்டால், குஜராத் உருளைக்கிழங்குக் கதையைச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் பெப்சிகோ கம்பெனி, சிப்ஸுக்கென்று தான் பதிவு செய்து வைத்திருந்த ரகத்தை அனுமதியில்லாமல் விளைவித்தார்கள் என்று நான்கு சின்ன விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது, ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் நஷ்ட ஈடு கேட்டு. நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியதும் மே மாதமே வழக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் ரகப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பதிவையே ரத்து செய்தது. 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரத்தை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளிவிட்டுப் பதிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. சட்டத்தில் விவசாயி பக்கம் பலமாகத்தான் இருந்தது, இருந்தும் அந்த நான்கு பேருக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? கோடி ரூபாய் என்ற எண்ணைப் பார்த்தாலே பாதிப் பேர் அந்தக் கிழங்கை நடுவதை விட்டுவிடுவார்கள், தீர்ப்பு வரைக்கும் போக வேண்டியதே இல்லை.

ஒரு இடைச்செருகல், இதைச் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. எங்கள் ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் கேரட் போடுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வீரிய ஒட்டு விதைதான் வாங்குகிறார்கள், டப்பாவில், விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதற்குக் காப்புரிமை தேவையே இல்லை. அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை கலைந்துபோய் நாலு விதமாக வரும், மார்க்கெட்டில் எடுக்க மாட்டான். சட்டம் செய்ய வேண்டிய வேலையைச் செடியே செய்துவிடுகிறது. காப்புரிமையை எதிர்த்துக் கூட்டம் போடுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பூண்டுக்காரர்கள் அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள், பல்லை நட்டால் அதே பூண்டுதான் வரும்.

சரி, மண்ணுக்கு வருவோம். செடி விலங்கு எதற்கும் காப்புரிமை கிடையாது என்று சொன்னேனே, அந்த வரியிலேயே ஒரு விதிவிலக்கு ஒட்டியிருக்கிறது: நுண்ணுயிரிகள் நீங்கலாக. உலக வர்த்தக அமைப்பில் அறிவுசார் சொத்துரிமைக்கென்று இருக்கிற டிரிப்ஸ் ஒப்பந்தம், 27-வது பிரிவு, செடியையும் விலங்கையும் விட்டுவிட நாடுகளுக்கு இடம் கொடுத்தது, நுண்ணுயிரியை விட்டுவிட இடம் கொடுக்கவில்லை. ஆனால் உங்கள் மண்ணில் இருக்கிற பாக்டீரியாவை அப்படியே எடுத்துப் பிரித்து "இது என்னுடையது" என்றால் இங்கே கிடைக்காது, அது இயற்கையில் கிடப்பது. அதில் மனிதக் கை பட்டிருக்க வேண்டும். அதை மாற்றி அமைத்திருக்கலாம், நாலு நுண்ணுயிரிகளை ஒரு விகிதத்தில் சேர்த்துக் கலவை செய்திருக்கலாம், கெடாமல் ஒரு வருடம் அலமாரியில் நிற்கிற மாதிரி பொடியாக்கும் முறையைக் கண்டிருக்கலாம். அப்போது 20 வருடத்துக்கு உரிமை கேட்க வழி இருக்கிறது. நீங்கள் விதைநேர்த்திக்கு வாங்குகிற சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா பொடியெல்லாம் ஆரம்பத்தில் யாரோ ஒருத்தர் தோட்டத்து மண்ணிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு ரசாயன மருந்துக்கு மாற்று தேடுகிற கம்பெனிகளுக்கு மேல்மலை மாதிரிக் குளிரில், மழையில், வருடா வருடம் பூண்டு விளைகிற மண் என்பது பார்க்க வேண்டிய இடம். வந்தவர்கள் பூண்டு மட்டும் எடுத்திருந்தால் வாசனையையோ காரத்தையோ சோதிக்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பேன். மண்ணும் எடுத்தார்கள் என்பதுதான் என்னை இவ்வளவு நீளம் எழுத வைக்கிறது.

நுண்ணுயிரிக்கு மட்டும் ஏன் இந்தக் கதவு திறந்தது என்றால், அதற்கு ஒரு பழைய கதையும் ஒரு புதுக் கதையும் உண்டு. குன்னூரில் 1907-லிருந்து நிற்கிறதே பாஸ்டர் இன்ஸ்டிடியூட், நாய்க்கடிக்கு ஊசி போட ஒரு காலத்தில் அங்கேதான் ஓடுவார்கள், அந்த லூயி பாஸ்டர் 1873-லேயே அமெரிக்காவில் நோய்க்கிருமி கலக்காத ஈஸ்டுக்குக் காப்புரிமை வாங்கியவர். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு நூறு வருடம் கழித்து, வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, கச்சா எண்ணெயைச் சிதைக்கிற ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். அதுவும் சூடோமோனாஸ் இனம்தான். 1972-ல் விண்ணப்பித்தார், உயிருள்ளதற்குத் தர மாட்டோம் என்றார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1980-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். உயிர் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை, இயற்கை செய்ததா மனிதன் செய்ததா என்பதுதான் கேள்வி என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நீதிபதி மாற்றி நினைத்திருந்தால் உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகளின் சரித்திரமே வேறு மாதிரி இருந்திருக்கும். எட்டு வருடத்தில், 1988-ல், புற்றுநோய் வரும்படி மாற்றி அமைத்த எலிக்கே ஹார்வர்டுக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். அதே எலியைக் கனடா உச்ச நீதிமன்றம் 2002-ல் நிராகரித்தது, அங்கேயும் ஐந்துக்கு நான்குதான். இவ்வளவு படித்த நீதிபதிகள் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி பிரிந்து நிற்கிற விஷயத்தில், இதுதான் நியாயம் என்று யாராவது அடித்துப் பேசினால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

நியாயமா என்ற உங்கள் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நானும் அப்படி மண் எடுத்தவன்தான். தொண்ணூறுகளில் உருளைக்கிழங்கு வாடல் நோய்க்கு எதிராக நுண்ணுயிரி தேடி, தோட்டம் தோட்டமாகப் பாலித்தீன் பையோடு அலைந்தேன். ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, "அங்கே எல்லாம் எதுக்கு எடுக்கறே, அந்த மூலையிலே எடு, அங்கே நட்டா எந்த வருஷமும் வாடாது" என்று ஓடைப் பக்கமாக ஒரு மூலையைக் காட்டினார். ஏன் என்று கேட்டேன். தெரியாது, என் மாமியார் காலத்திலிருந்தே அப்படித்தான் என்றார். அந்த மூலை மண்ணிலிருந்துதான் எங்களுக்கு உருப்படியான ஒரு பாக்டீரியா கிடைத்தது. என் நோட்டில் அது ஒரு எழுத்தும் ஓர் எண்ணும். ஊர் பெயர் உண்டு, உயரம் உண்டு, மண்ணின் கார அமிலத் தன்மை உண்டு, பாட்டியின் பெயர் இல்லை. கட்டுரை வந்தது, அதில் ஊர் பெயரும் போய்விட்டது. காப்புரிமை எதுவும் வாங்கவில்லை, யாரும் அதில் காசு பார்க்கவில்லை, சட்டப்படி அன்றைக்கு ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான மண் மாதிரிகளில் தேட வேண்டிய என்னை ஒரே மூலைக்குக் கூட்டிப்போனது அந்த அம்மாவின் மாமியார் காலத்து அறிவு. "கண்டுபிடித்தவர்" என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. இருபது வருடம் மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்தக் கட்டத்தை நிரப்பும் ஒவ்வொரு முறையும் அந்த ஓடைப் பக்கம் ஞாபகம் வரும்.

நம் பக்கத்தில் நாட்டு வைத்தியர்கள் மருந்தைச் சொன்னால் பலிக்காது என்பார்கள். கீழ்ச்சரிவில் ஓர் இருளர் பெரியவரிடம் ஒரு வேரின் பெயர் கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அப்போது மூடநம்பிக்கை என்று நினைத்தேன், இப்போது பார்த்தால் அதைவிடப் பழைய வியாபார ரகசியம் எதுவும் இல்லை. காப்புரிமை அதற்கு நேர் எதிர். எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லு, பதிலுக்கு 20 வருடம் உனக்கு மட்டும் என்கிற ஒப்பந்தம். சொல்லாமல் வைத்திருக்கிறவருக்குக் காவல் அவர் வாய்தான். ஊரோடு சேர்த்துச் சொல்லிவிட்டவருக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். காயத்தில் மஞ்சள் வைப்பது உலகத்தில் எந்தத் தமிழச்சிக்குத் தெரியாது? அதற்கே 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் போய் எதிர்த்து 1997-ல் ரத்து செய்ய வைத்தது. எதை வைத்து ஜெயித்தார்கள் தெரியுமா, பழைய சமஸ்கிருத நூலையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் அச்சான ஒரு கட்டுரையையும் காட்டி. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டு அடுப்பங்கரைப் பழக்கம் சாட்சியாகச் செல்லாது, அச்சில் இருந்தால்தான் செல்லும். மஞ்சளுக்கு நூல் இருந்தது. அந்தப் பாட்டியின் மூலைக்கு எந்த நூல் இருக்கிறது? குறும்பர், பளியர் மாதிரிப் பழங்குடிகள் கைவசம் இருப்பதற்கு?

எழுதி வைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. எழுதின பதிவேடு திருடனுக்கும் வரைபடம்தான். அதனால்தான் 2001-ல் ஆரம்பித்த பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகத்தைக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி வைத்து, பொதுவில் திறந்துவிடத் தயங்கினார்கள். பதிவேட்டில் எதை எழுதுவது, எதை வாய்க்குள் வைத்துக்கொள்வது என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்ய வேண்டும், என்னைப் போன்றவர்கள் போய் எழுதச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது என்பது என் கட்சி.

பங்கு கொடுத்த கதை ஒன்று நம் மலைத்தொடரிலேயே இருக்கிறது. 1987-ல் அகத்தியர் மலைக் காட்டில் ஆராய்ச்சிக்கு வந்த விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாகப் போன காணிக்காரப் பழங்குடியினர், மலையேறும்போது ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் பூங்காவில் ஜீவனி என்ற மருந்து வந்து, 1995-ல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிக்காரர்களின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. உலக அளவில் எடுத்துக்காட்டாகச் சொல்கிற ஏற்பாடு, நானும் மதிக்கிறேன். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், இரண்டு மூன்று பேர் சொன்ன ரகசியம் மொத்தச் சமூகத்துக்கும் சொந்தமானது, எங்களை யார் கேட்டார்கள் என்று மற்ற காணிக்காரர்கள் கேட்டார்கள். செடி காட்டுக்குள் இருந்ததால் அதைச் சேகரிப்பதில் வனத்துறையோடு இழுபறி வேறு. காசைப் பாதியாகப் பிரிப்பது சுலபம், யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வெள்ளைக்காரன் திருடன், நாம் ஏமாளி என்று முடித்துவிடாதீர்கள். நடுவட்டம் பக்கம் போயிருந்தால் சிங்கோனா மரத்தைப் பார்த்திருப்பீர்கள், கொயினா மருந்து எடுக்கிற மரம். அது இங்கே முளைத்ததில்லை. 1860-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயரும் அவர் ஆட்களும் தென் அமெரிக்க மலைகளிலிருந்து, அங்கிருந்தவர்கள் விரும்பாமலே, கொண்டுவந்தது. நீலகிரிதான் சரக்கு இறங்கிய இடம். ஐந்து வருடம் கழித்து மானுவல் மமானி என்ற ஐமாரா பழங்குடி மனிதர், சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரிக்கு உசத்தியான சிங்கோனா விதை சேர்த்துக் கொடுத்தார். அந்த விதையை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் நட்டு உலகக் கொயினா வியாபாரத்தையே கையில் எடுத்தார்கள். மமானியைப் பிடித்து அடித்துச் சிறையில் போட்டார்கள், செத்துப்போனார். நாம் தின்கிற உருளைக்கிழங்கும் அந்த ஆண்டிஸ் மலையுடையதுதான். 1961-ல் நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழு பிடித்தபோது எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, கடைசியில் காப்பாற்றியது 1985-ல் வந்த குஃப்ரி ஸ்வர்ணா என்ற உருளைக்கிழங்கு ரகம். அதன் எதிர்ப்புச் சக்தி ஆண்டிஸ் காட்டுக்கிழங்கு ஒன்றிலிருந்து ஒட்டுக்கட்டி வந்தது. அதற்காக ஆண்டிஸ் மலை விவசாயிக்கு நாம் ஒரு ரூபாய் கொடுத்தோமா? அரசுப் பணத்தில், இருபத்து நான்கு வருட உழைப்பில் வந்த அந்த ரகத்துக்கு யாரும் காப்புரிமை கேட்கவும் இல்லை, எங்கள் விவசாயிகள் விதைக்கிழங்கை ஒருவருக்கொருவர் கொடுத்துத்தான் பரப்பினார்கள். இரண்டும் ஒரே கிழங்கின் கதை.

இப்போது என் பதில். உயிரைச் சொந்தமாக்குவதே பாவம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாடு வாங்குகிறோம், விற்கிறோம். தோடர்கள் எருமையைக் கும்பிடுகிறார்கள், அதே எருமை இன்னாருடையது என்ற கணக்கும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இடிக்கிற இடம் கன்றுக்குட்டி. மாட்டை விற்றுவிட்டால் அதற்குப் பிறகு பிறக்கிற கன்று வாங்கினவருடையது, இதில் எந்த ஊரிலும் சண்டை இல்லை. உயிருக்குக் காப்புரிமை என்பது மாட்டை விற்ற பிறகும் கன்றுக்கும், கன்றின் கன்றுக்கும் கணக்குக் கேட்கிற உரிமை. 2013-ல் அமெரிக்காவில் பௌமன் என்ற வயதான விவசாயி, தானியக் கிடங்கில் சாதாரணமாக விற்ற சோயாவை வாங்கி நட்டார், அதில் மான்சான்டோ என்ற விதைக் கம்பெனி காப்புரிமை வைத்திருந்த மரபணு இருந்தது. நட்டதே நகலெடுத்தல்தான் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள், 84,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது. ரேடியோவுக்குக் காப்புரிமை இருந்தால் ரேடியோ குட்டி போடாது, அதனால் வாங்கினவருக்குத் தொல்லை இல்லை. முளைப்பது விதையின் இயல்பு, அந்த இயல்பையே குற்றமாக்குகிற சட்டத்தை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. நம் நாட்டுச் சட்டம் அந்த எல்லைக்குப் போகவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. அதே சமயம், ஒருத்தர் பத்து வருடம் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு பொடியை நிலையாக நிற்கும்படி செய்கிறார், அந்த முறைக்கு அவர் உரிமை கேட்டால் நான் எதிர்க்க மாட்டேன். பொடி செய்த முறை அவருடையது. மூலையைக் காட்டினவர் பெயர் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

அப்படி இருக்க வேண்டும் என்று சட்டமும் ஓரளவு சொல்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி, உயிரியல் பொருளைப் பயன்படுத்தினால் அது எங்கிருந்து வந்தது என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும், மறைத்தால் அதை வைத்தே எதிர்க்கலாம். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனமோ வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் இருக்கிற இந்திய நிறுவனமோ என்றால் சென்னையில் இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் உங்கள் மண்ணைத் தொடக் கூடாது. இந்தியக் கம்பெனி என்றால் 2023 திருத்தத்துக்குப் பிறகு காப்புரிமை கிடைக்கும் முன் ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், வியாபாரத்துக்காக எடுக்கிறவரிடம் அது கட்டணம் வாங்கலாம். பழங்குடி மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டத்தில் தங்கள் பாரம்பரிய அறிவின் மேல் சமூக உரிமையே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் தூரம் உண்டு, நான் பார்த்த சில ஊர்களில் அந்தக் குழு என்பது ஒரு ஃபைலும் நாலு கையெழுத்தும்.

வெளிநாட்டில் யாராவது உங்கள் பூண்டுக்கே காப்புரிமை வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் செடிக்குக் கிடைக்கும், அது இங்கே செல்லாது, அங்கே ஏற்றுமதி செய்தால்தான் இடிக்கும். 1994-ல் மெக்சிகோவில் ஒரு பை மஞ்சள் பீன்ஸ் வாங்கிப்போன அமெரிக்கர் ஒருவர் 1999-ல் அதற்குக் காப்புரிமை வாங்கி, மெக்சிகோ பீன்ஸ் அமெரிக்காவுக்குள் வருவதையே முடக்கப் பார்த்தார். கடைசியாக அதை ஒழித்துக்கட்ட 2009 ஆனது. பத்து வருடம். நியாயம் ஜெயித்தது, ஏற்றுமதி செய்தவர்கள் அதற்குள் வேறு பிழைப்புப் பார்த்திருப்பார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரியின் மரபணு வரிசையைப் படித்துக் கணினியில் ஏற்றிவிட்டால், அதற்குப் பிறகு பையும் வேண்டாம், மேல்மலையும் வேண்டாம். அந்த எழுத்து வரிசை யாருடையது என்பதில் உலக நாடுகள் இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன. 2024-ல் கொலம்பியாவின் காலி நகரத்தில் ஒரு நிதி அமைக்க ஒத்துக்கொண்டார்கள், கம்பெனிகள் விரும்பினால் போடலாம் என்ற கணக்கில். விரும்பினால் என்ற சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அந்தத் தாளின் நகல் கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு நகல் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டாம். அதில் நிறுவனத்தின் பெயர் முழுசாக இருக்கிறதா, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று இருக்கிறதா, "மற்ற பயன்பாடு" மாதிரி வழவழா சொல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல்லுயிர்க் குழுவுக்கு ஒரு கடிதம், தேதியோடு, இன்ன நாளில் இன்னார் இவ்வளவு எடுத்தார்கள் என்று, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். குழு தூங்கினாலும் அந்த ரசீது உங்களிடம் இருக்கும். வந்தவர்கள் ஒழுங்கான ஆட்களாகவும் இருக்கலாம், பல்கலைக்கழக மாணவர்களாகவே இருக்கலாம், எடுத்த உடனே திருடன் என்று ஊரில் பரப்பி விடாதீர்கள். இந்த மலைகளில் நல்ல ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான்.

இன்னொன்று. மண்ணைத் தோட்டத்தின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர்களாகப் பல இடத்தில் எடுத்துக் கலந்திருந்தால் சரி. இல்லை, ஒரே மூலையிலிருந்து என்றால், அந்த மூலையை அவர்களுக்குக் காட்டியது யார், என்ன சொல்லிக் காட்டினார் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள், காட்டினவர் பெயரோடு.